மூன்று நாள் தண்ணீர்

ஜனவரி 9, வெள்ளி

உரக்கடையில் கொடுத்த டைரி இது. முதல் எட்டுப் பக்கம் சும்மா போய்விட்டது, போகட்டும். இன்றிலிருந்து எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

உலகம்மாளுக்கு இன்று காலை மறுபடியும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மார்கழி பிறந்து இருபத்தைந்து நாளில் இது மூன்றாவது தடவை. தெருமுனை டாக்டர் வழக்கம்போல மாத்திரையும் உப்புச்சர்க்கரைப் பொடியும் எழுதிக் கொடுத்துவிட்டு, "வெளியில எதுவும் சாப்பிட்டாங்களா?" என்றார். வெளியிலா? என் வீட்டுக்காரி இந்த அம்பாசமுத்திரத்தில் ஒரு வடை வாங்கித் தின்று யாராவது பார்த்திருக்கிறார்களா? எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். அப்படியானால் வீட்டில்தான் என்னவோ நடக்கிறது.

வீட்டில் நாலு பேர். நான், உலகம்மாள், மகன் சங்கரலிங்கம், அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணி. அவர்களுக்குக் கல்யாணம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. சங்கரலிங்கம் காலையில் தென்காசி மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனால் பொழுது அடையத்தான் வருவான். சமையல் முழுக்க வேணி. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். எண்பது பேர் நசுங்கி நிற்கிற வண்டியில் டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று கழுத்து திரும்புகிற தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த எழுத்து.

ஜனவரி 10, சனி

உலகம்மாள் கஞ்சி குடித்தாள். தேவலை.

இன்று முட்டை ஆறு. வாத்துகளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஆவணி மாதம் வாங்கினேன். ஒன்பது உருப்படி, அதில் ஆண் இரண்டு. வாத்து விடிவதற்கு முன்பே முட்டையிட்டுவிடும். அவசரப்பட்டுக் கூட்டைத் திறந்துவிட்டால் மிச்சத்தை வாய்க்காலிலும் சேம்பு மூட்டிலும் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வந்து நிற்கும். ஆகையால் எட்டு மணிக்கு முன்னால் கூடு திறக்கவே மாட்டேன். கோழி மாதிரி சுத்தபத்தம் தெரிந்த ஜென்மம் இல்லை இது. இட்ட முட்டையை மிதிக்கும், அதன் மேலேயே எச்சமும் போடும். எடுக்கும்போது முட்டை எது சகதி எது என்று தெரியாது.

அங்கேதான் என் கைவேலை. நீல வாளியில் தண்ணீர், அதில் ஒரு கரண்டி சலவைச் சோடா. முட்டைகளை உள்ளே இறக்கிவிட்டு, பேப்பர் படித்து முடிக்கிற வரைக்கும் ஊறவிட வேண்டும். அப்புறம் தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். வெயிலில் உலர்த்திக் கூடையில் அடுக்கினால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். என்னோடு பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் சாகுல், "என்னவே இது, முட்டைக்குப் பவுடர் போடுதீரா?" என்று கேட்டார். கேட்கட்டும். தண்ணீரை நான் அன்றன்றைக்குக் கொட்டுவதில்லை. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான். முறை வருகிற அன்று வாளியை மாற்றுவேன். தண்ணீரின் அருமை தெரிந்தவன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

துணி காயப்போட வந்த வேணி, வாளிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மாமா, முட்டையத் தண்ணில ஊறப் போடாதீங்க. காய்ஞ்ச துணிய வச்சுத் தொடச்சாப் போதும். பச்சத் தண்ணில போட்டா ஓட்டு வழியா அழுக்கு உள்ள போயிரும்."

"ஓட்டு வழியா எப்படிம்மா போவும்? அது என்ன சல்லடையா?"

"கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்கு மாமா. எங்க கம்பெனில நனைக்கவே விடமாட்டாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாளாம். மெஷினில் குஞ்சு பொரித்தவள் எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நாரை எடுத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்றிலிருந்து உலகம்மாளுக்கு மறுபடியும் முட்டை மருந்து. பனி இறங்கினால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். வாத்து முட்டையைப் பச்சையாக உடைத்து, மிளகுத்தூள் போட்டு அடித்து, வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்சுச் சளி அறுந்துவிடும் என்று சாகுல் சொன்னார். அவரும் மூலத்துக்கு அதைத்தான் குடிக்கிறார், நான்தான் கொடுத்துவிடுகிறேன். உலகம்மாளுக்கு மார்கழி முதல் தேதி ஆரம்பித்தது. நடுவில் வயிறு கெடும்போதெல்லாம் நிறுத்த வேண்டியதாகிவிடுகிறது. அதனால்தான் மருந்து பிடிக்க மாட்டேன் என்கிறது.

நானே டம்ளரை எடுத்துப் போய்க் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேணி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். வேணி முட்டையைத் தொட்டுச் சாப்பிடுவதே இல்லை. கேட்டதற்கு, "பிடிக்கல மாமா" என்கிறாள். முட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு முட்டை பிடிக்காதாம்! குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

நல்ல நாளும் அதுவுமாக உலகம்மாள் சாயங்காலம் படுத்துவிட்டாள். நாலு தடவை போய்விட்டது. காய்ச்சல் வேறு.

இன்று அவள் சாப்பிட்டது: சர்க்கரைப் பொங்கல் (வேணி), வெண்பொங்கல் (வேணி), சிறுகிழங்குப் பொரியல் (வேணி), சாம்பார் (வேணி), இரண்டு துண்டு கரும்பு (நான் வெட்டிக் கொடுத்தது). காலையில் முட்டை. அது மருந்து, இதில் சேராது.

அதே பொங்கலை நானும் சாப்பிட்டேன், சங்கரலிங்கமும் சாப்பிட்டான். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் என்றால் அவள் இலைக்கு மட்டும் என்னவோ வந்திருக்கிறது. அவளுக்குப் பரிமாறியது யார்? நான் சொல்ல வேண்டுமா?

ஜனவரி 17, சனி

சாகுல் வந்தார். ஆள் பாதியாக இருக்கிறார்.

"என்னவே கோமதிநாயகம், உம்ம முட்டையக் குடிச்சு மூலம் போகுதோ இல்லியோ, குடலே போயிரும் போலுக்கு. ரெண்டு நாளா கக்கூஸே கதின்னு கெடக்கேன்."

"புரோட்டா தின்னீரா?"

"வியாழக்கெழம தின்னேன்."

"பின்ன என்ன? முட்டை மேல பழிய போடுதீரு."

இன்றைக்கு முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன்.

ஜனவரி 23, வெள்ளி

ஒரு பென்ஷன் வழக்கு விஷயமாகச் சங்கத்து ஆட்களோடு மதுரை போயிருந்தேன். செவ்வாய் போய் இன்று மத்தியானம்தான் திரும்பினேன். வரும்போதே பயந்துகொண்டுதான் வந்தேன். உலகம்மாள் வாசலில் நின்று பூக்காரியிடம் பிச்சிப்பூ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் களை வந்திருக்கிறது. மூன்று நாளும் ஒரு தொந்தரவும் இல்லையாம்.

உட்கார்ந்து யோசித்தேன். நான் வீட்டில் இருந்தால் நோய் வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான். நான் ஊரில் இல்லாத சமயம் உலகம்மாளுக்கு ஏதாவது ஆனால் பழி நேராகத் தன் மேல் விழும் என்று வேணிக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அடக்கி வாசித்திருக்கிறாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

போதாக்குறைக்கு, கூடையைத் திறந்தால் பதினெட்டு முட்டையும் கறையும் புள்ளியுமாக இருக்கின்றன. சும்மா துணியால் துடைத்து வைத்திருக்கிறாள். "வேணிதான் எடுத்து வச்சா. தெனமும் ஒண்ணு அவிச்சுக் குடுத்தா, நல்லா இருந்துச்சு" என்று உலகம்மாள் சொன்னாள். மருந்தை யாராவது அவிப்பார்களா? எனக்கு வந்த கோபத்தில் அப்படியே பதினெட்டையும் வாளியில் போட்டேன். தண்ணீர் முறை நாளைக்குத்தான். பழைய தண்ணீரே கிடந்தது, அது போதும்.

ஜனவரி 26, திங்கள்

உலகம்மாளுக்கு வாந்தி. காலை முதல் ஐந்து தடவை. சனிக்கிழமையிலிருந்து மருந்தை நானே ஒழுங்காகக் கொடுத்தும் இப்படி.

சொன்னேனா இல்லையா? நான் வந்து மூன்றாவது நாள்!

ஜனவரி 31, சனி

ஐந்து நாளாக எதுவும் எழுதவில்லை. உலகம்மாள் நேற்று எழுந்து நடமாடினாள். இன்று மருந்தை மறுபடி தொடங்கினேன். முட்டையை அடித்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டு வாத்துக் கூட்டைத் திறக்கப் போனேன். அவள் பல் தேய்த்துவிட்டு வந்து குடித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வேணி இன்று முட்டை வாடைக்கே கொல்லைக்கு ஓடிப்போய் ஓங்கரித்தாள். தனக்கும் வயிறு சரியில்லை என்று காட்டிக்கொள்கிறாளாம். நடிப்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

பார்த்துவிட்டேன்! என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்!

கூட்டுக்குப் பின்னால் குனிந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களைக் கதவு திறந்தது. வேணி கையில் டம்ளரோடு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நான் அடித்து வைத்த முட்டையை அப்படியே வாழை மூட்டில் ஊற்றினாள். டம்ளரைக் கழுவி, உள்ளே போய், அடுப்பில் இருந்த வேறு எதையோ அதில் ஊற்றி உலகம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இவளும் வாங்கிக் குடித்தாள், பாவம்.

அப்போதே பிடித்திருப்பேன். ஆனால் ஒரு தடவை போதாது, தெரியாமல் கொட்டிவிட்டேன் என்பாள்.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்றும் ஊற்றினாள். இன்றும் ஊற்றினாள். மூன்று நாள் சாட்சி.

காலி டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பால், மிளகு, மஞ்சள், அடியில் மஞ்சளாக ஏதோ மசிந்து கிடந்தது. உலகம்மாள் இந்த வாரம் நன்றாகத்தான் இருக்கிறாள். இளைப்புகூடக் குறைந்திருக்கிறது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. மெல்லக் கொல்கிற மருந்து முதலில் தெம்பைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

சங்கரலிங்கத்திடம் சொன்னேன். "அப்பா, ஒங்களுக்குப் பஸ்ஸுல நின்னு நின்னு எல்லாவனும் திருடனாத்தான் தெரியுதான்" என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடத் துப்பில்லை. வேணி பிறந்த ஊரான கடையத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அவள் அம்மா அப்பாவை நானே கூப்பிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்தார்கள். வேணியின் அப்பா ஆறுமுகநயினார், அம்மா செண்பகம். பழம், மிக்சர் எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள்போல, செண்பகம் சிரித்த முகமாக இருந்தாள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினேன்.

"ஒங்க மக என் வீட்டுக்காரிக்கு என்னத்தையோ கலந்து குடுக்கா. மூணு நாளு நான் பார்த்தேன். நான் வச்ச மருந்தக் கொட்டிட்டு வேற எதையோ ஊத்திக் குடுக்கா. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

வேணி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கொட்டுனது உண்மதான் மாமா" என்றாள்.

"கேட்டுக்கோங்க! அவ வாயாலயே வந்துட்டு."

"வேற முட்டைய அவிச்சு, மசிச்சு, பால்ல கலந்து குடுத்தேன். நீங்க அடிச்சு வச்சதக் குடிச்சாத்தான் அத்தைக்குச் சேர மாட்டேங்கு. மாமா, அந்த வாளித் தண்ணிய ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க."

என் வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் என் வாளியை முகர்ந்து பார்க்கச் சொல்கிறாள்! நான் முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் எல்லாரும் இதே மாதிரிதான், பையில் டிக்கெட் இருந்தது, காற்றில் பறந்துவிட்டது, பக்கத்து ஆளைக் கேளுங்கள் என்பான்.

உலகம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "ஏங்க, அவ ஒண்ணும் பண்ணலங்க. எனக்குத் தெரிஞ்சுதான்..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று உட்கார வைத்தேன். இவள் எல்லாருக்கும் இரக்கப்படுகிற ஆள்.

செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறுமுகநயினார் மட்டும் எழுந்து நின்று, "அண்ணாச்சி, கலந்து குடுக்கான்னு சொன்ன வீட்டுல எம்பிள்ளைய விட்டுட்டுப் போவ முடியாது" என்றார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று பேரும் ஆட்டோ ஏறினார்கள். சங்கரலிங்கம் பின்னாலேயே வண்டியில் போனான். பொழுது சாய வந்தவன் என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் போகிறான். என் வீட்டுக்காரி உயிர் எனக்குப் பெரிது. இனி அவளுக்கு ஒன்றும் வராது.

பிப்ரவரி 9, திங்கள்

சமையல் நான்தான். ரசம், அப்பளம். உப்பு கொஞ்சம் தூக்கல். உலகம்மாளுக்கு இனிமேல் காலையில் இரண்டு முட்டை, விட்டுப்போனதற்கும் சேர்த்து. நானே அடித்து, நானே கையில் கொடுத்து, குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் நின்றேன்.

"வேணி இருந்தா..." என்றாள். "குடி" என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் இரண்டு. வீடு நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

உலகம்மாளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, மூத்திரம் போகவில்லை. சின்ன வயசு டாக்டரம்மா வந்து மளமளவென்று கேட்டார்.

"மூணு நாளா என்னென்ன சாப்பிட்டாங்க? யார் சமைச்சது?"

"நான்தாம்மா."

"பச்ச முட்டை, காய்ச்சாத பால், அந்த மாதிரி எதுவும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. எல்லாம் வேக வச்சதுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சங்கரலிங்கம் மருந்து வாங்கப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது.

வேணி போய் நாலு நாள் ஆயிற்று. இந்த நாலு நாளும் அவள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியானால் யார்? பால்காரன் புதிய ஆள், பத்து நாளாகத்தான் வருகிறான். அவனை விசாரிக்க வேண்டும். தண்ணீர்க் கேன் போடுகிறவனையும் விசாரிக்க வேண்டும். அரிசியிலும் இருக்கலாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

வாத்துகளுக்குத் தீனி போடக் காலையில் ஊருக்கு வந்தேன். கூட்டைத் திறந்துவிட்டேன். வாளி வாசலில் இருந்தது.

முகர்ந்து பார்த்தேன்.

அதே நாள், பஸ்ஸில் எழுதுகிறேன்

கூடையில் இருந்த முட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். வெளியே வெள்ளை வெளேர். ஐந்தாவது முட்டைக்கு உள்ளே பச்சை படர்ந்திருந்தது. ஒன்பதாவதை உடைத்ததும் நான் எழுந்து தள்ளிப்போய் நிற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு உடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வாளியில் கையை விட்டு இந்த அழுக்கைத்தான் தேய்த்து உள்ளே ஏற்றியிருக்கிறேன். எதைத் தேடி இத்தனை பக்கம் எழுதினேனோ அது என் கையில்தான் இருந்திருக்கிறது.

டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. முக்கூடல் விலக்கில் நாலு பேர் ஏறுகிறார்கள். கடவுளே, சீக்கிரம் ஏறித் தொலையுங்கள்.

பிப்ரவரி 14, சனி

நேற்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். பச்சை முட்டை, தினமும் இரண்டு, அதுவும் எச்சம் ஊறின தண்ணீரில் கழுவினது. வார்டில் எல்லாரும் இருந்தார்கள். சங்கரலிங்கமும் இருந்தான்.

"இத நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்லா பெரியவரே? இந்த மாதிரி கேஸுல ஒரு நாள்ங்கிறது என்னன்னு தெரியுமா?" என்றார். மருந்தை மாற்றிவிட்டார்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறதாம். நாளை வரை ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

சங்கரலிங்கம் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூத்திரம் போனது. நர்ஸ் சொன்னதும் நான் நடைபாதையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

உலகம்மாள் பேசுகிறாள். மெதுவாகத்தான். கஞ்சியை ஊட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க. பொங்கல் கழிஞ்சு வேணி சொன்னா. மறுபடி வாந்தி எடுத்தப்புறம்தான் நம்புனேன். அவ சொல்லித்தான் மாத்திக் குடிச்சேன்."

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னைக்குச் சொல்ல வந்தம்லா? நீங்க எங்க கேட்டீங்க?"

"அதுக்கு முன்னால?"

"வேல முடிஞ்சு வந்து ஆறு மாசம் செவுத்தப் பாத்து உக்காந்துருந்தீங்க. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வள்ளுனு விழுவீங்க. வாத்து வந்தப்புறம்தான் சிரிச்சீங்க. முட்டையத் தேச்சு வெயில்ல வச்சுட்டு என்னையக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. அதப் போயி வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் நாங்க ரெண்டு பேருமே பேசி வச்சுக்கிட்டோம், ஒங்களுக்குத் தெரியாம கொட்டிருவோம்னு."

"வேணி போனப்புறம் கொட்டியிருக்கலாம்ல?"

"நீங்கதான் பக்கத்துலயே நின்னீங்களே."

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவள் ஊசி போட்ட கையால் என் தலையைத் தடவினாள். அப்புறம்தான் சொன்னாள்: "வேணி முழுகாம இருக்கா. ரெண்டு மாசம். தை அமாவாசை கழிச்சு நல்ல நாள் பார்த்து ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தோம். அவங்க அம்மா அன்னைக்குப் பழம் வாங்கிட்டு வந்தது அதுக்குத்தான். போயி அவளக் கூட்டிட்டு வாங்க. என் பேரப்பிள்ள நம்ம வீட்டுலதான் வளரணும்."

பிப்ரவரி 20, வெள்ளி

கடையம் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முன்னறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அன்றைக்கு நின்றுகொண்டு பேசியதால் இன்றைக்கும் நின்றுகொண்டே பேசினேன்.

"நான் சொன்னது அத்தனையும் தப்பு. பழுது என் வாளில இருந்துச்சு. வேணி என் வீட்டுக்காரிய ரெண்டு வாரம் காப்பாத்தியிருக்கா. நான்தான் கொல்லப் பார்த்தேன். என்னைய மன்னிச்சிருங்க."

வாழ்நாளில் இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. ஆறுமுகநயினார் எழுந்துவந்து என் தோளைப் பிடித்து, "உக்காருங்க அண்ணாச்சி, மைனி பொழச்சதே போதும்" என்றார். நல்ல மனுஷன். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணி, மாமாவுக்குக் காப்பி கொண்டாம்மா" என்றாள்.

இனி எழுதப்போவதை எழுதாமலே விட்டுவிடலாம். எழுதுகிறேன்.

வேணி காப்பி கொண்டுவந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினேன். வாயில் வைப்பதற்கு முன்னால் என் கண் டம்ளருக்குள் போய்விட்டது. அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தது. ஒரு நொடிகூட இருக்காது. சத்தியமாக நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. நிமிர்ந்தால், வேணி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மாமா பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"பாலும் காப்பித்தூளும்தான் மாமா. குடிங்க."

மடமடவென்று குடித்தேன், நாக்கு வெந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் எதையும் கவனிக்கவில்லை. "வீட்டுக்கு வாம்மா, அத்த ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றேன்.

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"அத்தைய நான் வந்து பாக்கேன் மாமா, அங்க தங்க மாட்டேன். நான் சமைச்சு வைப்பேன், நீங்க இப்படித்தான் பாப்பீங்க. நாளைக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுனாலும் இப்படித்தான் பாப்பீங்க. ஒங்களால பாக்காம இருக்க முடியாது. என்னால அதத் தாங்க முடியாது."

சம்பந்தி இரண்டு பேரும் சமாதானம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவள் பிடித்தது சரிதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

உலகம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தேன். வழி முழுக்க ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டு வந்தாள், இப்போதும் கேட்டாள்.

"நல்ல விதமாக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவங்க வீட்டுல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"காப்பி குடிச்சேன்."

"யாரு கொண்டாந்து குடுத்தா?"

"வேணிதான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அவ கையால வாங்கிக் குடிச்சீங்கல்லா? அப்போ வந்துருவா. ரெண்டொரு நாள் ரோசம் இருக்கும், பிறகு வந்துருவா. மொதல்ல அவங்க ரூமப் பெருக்கிப் போடுங்க, ஒட்டடை அடைஞ்சு கெடக்கும்."

சங்கரலிங்கம் நேற்றுக் காலையிலேயே துணிமணியை எல்லாம் எடுத்துக்கொண்டு கடையம் போய்விட்டான். உலகம்மாளிடம் தென்காசியில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அலமாரி காலியாகக் கிடக்கிறது. உள்ளிருந்து அவள், "நல்லாப் பெருக்குங்க, கட்டிலுக்கு அடியிலயும் பெருக்குங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினேன்.